பதினைந்து நாள் காப்பீடும் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பும்: இதய எம்ஆர்ஐ யாருக்கு எட்டுகிறது?

‘கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு அரசுக் காப்பீட்டில் இலவச இதய அறுவை சிகிச்சை; குழந்தை நலமுடன் வீடு திரும்பியது.’ இப்படியொரு செய்தியை நாம் அனைவரும் நாளிதழில் வாசித்திருப்போம். மருத்துவர்கள், மருத்துவமனை முதல்வர், நடுவில் அம்மாவின் இடுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை என ஒரு படமும் இருக்கும். அந்த அறுவை சிகிச்சை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக நடந்த நீண்ட போராட்டங்களின் விளைவு அது. அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் செய்தி முடியும் இடத்தில் சிகிச்சை முடிவதில்லை. பழுதுபார்க்கப்பட்ட அந்த இதயத்தை அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு யார் அளந்து பார்ப்பது, எந்தக் கருவியால் அளப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் சாதியும் வறுமையும் தம் வேலையைத் தொடங்குகின்றன.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இக்கோளாறுடன் பிறக்கிறார்கள் என்றும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் பிறந்தநாளுக்குள்ளேயே அறுவை சிகிச்சையோ அதற்கு நிகரான தலையீடோ தேவைப்படும் என்றும் மருத்துவ அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். கோளாறுகள் பலவகை. நாம் இங்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ’ எனப்படும் நான்கு குறைகளின் கூட்டு அது. இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவில் ஓர் ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் பாதையில் சுருக்கம். ஓட்டையின் மேல் நகர்ந்து நிற்கும் பெருந்தமனி. இவற்றால் தடித்துப்போன வலது கீழறை. அழும்போது உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளில் பலருக்கு இருப்பது இதுதான்.

1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்ட்டன் லில்லெஹெய் இதயத்தைத் திறந்து இக்கோளாற்றை முதன்முதலாகச் சரிசெய்தார். இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அந்த அறுவை நடக்கிறது. ஓட்டையை அடைப்பார்கள், சுருங்கிய பாதையை விரிப்பார்கள். பாதையை விரிக்கும்போது நுரையீரல் தமனியின் வால்வையும் பல குழந்தைகளுக்கு வெட்டித் திறக்க நேர்கிறது. அதன்பின் அந்த வால்வு முழுதாக மூடாது. நுரையீரலுக்குச் சென்ற இரத்தத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் வலது கீழறைக்கே திரும்பிக் கசியும். அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவதற்காகக் கீழறை ஆண்டுக்காண்டு விரிவடையும். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அது பள்ளிக்குச் செல்லும், ஓடும், விளையாடும். மூச்சிரைப்பும் படபடப்பும் வெளியே தெரியும்போது இதயத்தசை பெரும்பாலும் தன் மீள்திறனை இழந்திருக்கும்.

ஆகவே, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கீழறையின் கொள்ளளவை எண்ணாக அளந்து வர வேண்டும். எக்கோ பரிசோதனை எளிது, மலிவு; முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் வலது கீழறையை அளப்பதில் அது தடுமாறுகிறது. இடது கீழறை ஏறக்குறையத் துப்பாக்கித் தோட்டாவின் வடிவம் கொண்டது, கணக்குக்கு வசப்படும். வலது கீழறையோ பிறைபோல் வளைந்து, இடதைத் தழுவிக்கொண்டு, மார்பெலும்புக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது. குழந்தை வளர வளர, அறுவைத் தழும்பும் சேர்ந்துகொள்ள, ஒலியலைக்குக் கிடைக்கும் சாளரம் குறுகுகிறது. இதய எம்ஆர்ஐ வேறு வழியில் செயல்படுகிறது. ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் இதயத்தை அடிமுதல் நுனிவரை சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தளங்களாகப் படமெடுக்கிறது. கீழறை முழுதாக நிரம்பிய கணத்திலும் முழுதாகச் சுருங்கிய கணத்திலும் ஒவ்வொரு தளத்திலும் உள்ள இரத்தத்தின் பரப்பை அளந்து கூட்டினால் உண்மையான கொள்ளளவு கிடைக்கும். வடிவம் இப்படித்தான் இருக்கும் என்ற ஊகம் தேவையில்லை. நுரையீரல் தமனி வழியே ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் முன்னே சென்றது, எவ்வளவு பின்னே கசிந்தது என்பதையும் அதே கருவி அளந்து சொல்கிறது. கொள்ளளவையும் ஓட்டத்தையும் அறியக் கான்ட்ராஸ்ட் மருந்தும் வேண்டியதில்லை. தசையில் தழும்பு உண்டா என்று பார்ப்பதற்குத்தான் கேடோலினியம் செலுத்துகிறார்கள். சிடி ஸ்கேனைப்போல் கதிர்வீச்சு இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அளக்கப்பட வேண்டிய ஓர் உடலுக்கு இது சிறிய விஷயமன்று.

அளந்து கிடைக்கும் எண் என்ன செய்கிறது? உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வலது கீழறையின் கொள்ளளவைக் குறிப்பார்கள். நிரம்பிய நிலையில் அது 150 முதல் 160 வரை எட்டும்போது, அல்லது சுருங்கிய நிலையில் 80ஐ நெருங்கும்போது, புதிய வால்வு பொருத்துவதைப் பற்றி மருத்துவர்கள் தீவிரமாகச் சிந்திக்கத் தொடங்குகிறார்கள். 170ஐத் தாண்டிவிட்டால், வால்வு பொருத்திய பின்னரும் கீழறை தன் இயல்பான அளவுக்குத் திரும்புவது அரிது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அப்படியானால் முன்கூட்டியே பொருத்திவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. பொருத்தப்படும் வால்வுகள் தேய்பவை. பத்து வயதில் பொருத்தினால் வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். மிக விரைவாகவும் கூடாது, மிகத் தாமதமாகவும் கூடாது. நடுவில் இருப்பது ஒரு குறுகிய காலச் சாளரம். அது திறந்திருப்பதை நம்பகமாகக் காட்டுவது எம்ஆர்ஐ தரும் எண். அந்த எண் இல்லாத குழந்தைக்கு வால்வு மாற்றும் நாளை யாரும் குறித்துத் தர முடியாது.

நாம் சட்ட உதவி அளித்துவரும் குடும்பங்களுள் ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தந்தை செங்கல் சூளையில், தாய் வயல் வேலையில். இரண்டு வயதில் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்தது. டிஸ்சார்ஜ் அட்டையை ரேஷன் கார்டுடன் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாய் பத்திரமாக வைத்திருந்தார். ஆண்டுக்கொருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்று அதன் கடைசி வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. ஐந்து வயதுக்குப் பின் குழந்தையை எங்கும் அழைத்துச் செல்லவில்லை. கடந்த ஆண்டு பள்ளி மருத்துவ முகாமில் சந்தேகம் எழுந்து, எக்கோ எடுத்து, எம்ஆர்ஐக்குப் பரிந்துரைத்தார்கள். “அதான் ஆப்ரேசன் ஆயிடுச்சே சார், இப்ப எதுக்கு இன்னொரு ஸ்கேனு?” என்று அந்தத் தாய் நம்மிடம் கேட்டார். மூன்று மாதம் கழித்து நாள் கிடைத்தது. விடியற்காலைப் பேருந்தில் நகரத்துக்குப் போனவர்களுக்குக் கருவி பழுது என்ற பதிலே கிடைத்தது. இரண்டு பேரின் கூலி போயிற்று. சூளையில் வாங்கியிருந்த முன்பணத்தின் கணக்கும் ஏறிற்று. இரண்டாம் முறை போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். வந்த எண் 172.

கருவியைக் குறை சொல்லி இந்தச் சிறுமியின் கதையை முடித்துவிட முடியாது. ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ கருவி இருப்பதும் அங்கே குழந்தைகளுக்கான இதய எம்ஆர்ஐ நடப்பதும் வெவ்வேறு. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் படமெடுக்கும் கருவி துடிக்கும் இதயத்தைப் படமெடுக்க, இதயத் துடிப்போடு இசைந்து இயங்கும் அமைப்பும் தனி மென்பொருளும் வேண்டும். பிறவிக் கோளாறுகளைப் படித்துணரப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். குழந்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த இரைச்சல் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சொல்லும்போதெல்லாம் பத்து, பதினைந்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஆறேழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பலருக்கு அது இயலாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மயக்கவியல் மருத்துவரும், காந்தப்புலத்துக்குள் இயங்கக்கூடிய கண்காணிப்புக் கருவிகளும் தேவை. அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் எத்தனை கருவிகள் உள்ளன என்று கேட்டால் போதாது. எத்தனை குழந்தைகளின் இதயம் அவற்றில் அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

அடுத்து, பணம் எந்தத் தர்க்கத்தில் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2018இல் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கியா திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான செலவை அது ஏற்கிறது. ஃபேலோ குழந்தைக்குப் பின்தொடர்தல் தேவைப்படுவதோ 15 ஆண்டுகள், அதற்கும் மேல். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நோயறியும் சோதனைகளுக்கும் பின்தொடர் சிகிச்சைகளுக்கும் தனி இடம் இருப்பது பாராட்டத்தக்கது. ஆகவே கோரிக்கையை எழுப்பத் தோதான கதவு இங்கே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவி இதயக் கோளாற்றையும் தன் பட்டியலில் கொண்டுள்ளது. ஆனால் அதன் எல்லை 18 வயது. வால்வு மாற்றும் தேவையோ பலருக்குப் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் எழுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இதய நோய் இல்லை. ரயில்வே கட்டணச் சலுகை விதியைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக்கும் குறிப்பிட்ட கால இடைவெளிப் பரிசோதனைக்கும் சலுகை உண்டு. இதய நோயாளிகளுக்கு ‘இதய அறுவைக்காக’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அறுவையோடு எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை ரயில் டிக்கெட்டிலும் ஏறிவிட்டது.

தோழர்கள் சிலர் நம்மிடம் மறுப்புரைப்பதுண்டு. சேரிக் குழந்தைகள் இரத்தசோகையாலும் வயிற்றுப்போக்காலும் சாகும் நாட்டில் எம்ஆர்ஐ ஓர் ஆடம்பரம் அல்லவா? கேள்வி நேர்மையானது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பட்டியல் சாதிக் குடும்பங்களில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 40ஐத் தாண்டுகிறது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரிடையே அது 30க்கும் கீழ். அந்த இடைவெளியை அடைப்பதே முதற்பணி என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அடிப்படை மருத்துவம் ஒடுக்கப்பட்டோருக்கு, உயர்தொழில்நுட்ப மருத்துவம் மற்றவர்களுக்கு என்ற பிரிவினையை நாமே வகுத்துத் தரக் கூடாது. ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையைக் கேட்டவர்கள், தங்கள் தெருவுக்குத் தனிக் கிணறு வெட்டித் தருகிறோம் என்ற சமாதானத்தை ஏற்கவில்லை. மேலும், இந்தக் குழந்தைகள் விஷயத்தில் அரசு ஏற்கெனவே பெருந்தொகை செலவிட்டு முதல் அறுவையைச் செய்துவிட்டது. பின்தொடர் சோதனையை மறுப்பது அந்தச் செலவையும் சேர்த்து வீணடிப்பதாகும்.

பின்தொடர்தல் விடுபடுவதற்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். கூலி இழப்பு, பயணச் செலவு, முன்பணக் கடன், ஆங்கிலத்தில் எழுதிய அட்டை, வெளிநோயாளர் வரிசையில் கிடைக்கும் ஏளனப் பேச்சு ஆகியவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். இவற்றில் எது அறியாமை? நிலமில்லாத குடும்பங்களில் தலித்துகளின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்தவர்களுக்கு இந்தச் சுமை யார் தலையில் கூடுதலாக விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதய மருத்துவத்தின் வரலாற்றிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். நீலக் குழந்தைகளுக்கான முதல் அறுவை 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்க ஒரு மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை அது. அறுவை செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். கருத்தைத் தந்தவர் ஹெலன் டாசிக். நாய்களிடம் சோதித்துச் செய்முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். தச்சரின் மகனான அவர் மருத்துவம் படிக்கச் சேர்த்துவைத்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் மூழ்கிப்போனது. முதல் அறுவையின்போது பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று படிப்படியாக வழிகாட்டியவர் அவரே. ஆனால் அறுவைக்குப் பிளாலாக்–டாசிக் என்றே பெயர் வைத்தார்கள். 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அண்மைக் காலத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே நம் நாட்டில், இதயவியல் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளுக்கான அகில இந்திய மாணவர் சேர்க்கையில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு இல்லை. எம்ஆர்ஐ அறையில் படத்தைப் படிக்கும் நாற்காலியில் அமர்வோரில் நம் தெருக்களிலிருந்து சென்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் இதனோடு சேர்த்தே எழுப்ப வேண்டும்.

சட்டத்தில் நமக்குப் பிடிமானம் உண்டா என்றால், உண்டு. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவிட்டு உயிர் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் அமைப்பான பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தர மறுப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்றும், நிதி நெருக்கடியைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. காஷே என்ற அரிய நோயால் பாதிக்கப்பட்ட, ரிக்‌ஷா தொழிலாளியின் மகனான முகமது அகமது என்ற சிறுவனின் வழக்கில், மிகுந்த செலவு பிடிக்கும் தொடர் சிகிச்சையை அரசே இலவசமாகத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் தீர்ப்பின் ‘உரிய நேரம்’, இரண்டாவதன் ‘தொடர் சிகிச்சை’ என்னும் இரண்டையும் இணைத்து வாசித்தால் நம் வழக்கு உருவாகிறது. ஃபேலோ குழந்தைக்கு எது உரிய நேரம் என்பதை எம்ஆர்ஐ சொல்கிறது. ஆகவே அந்தச் சோதனையை மறுப்பது சிகிச்சையை மறுப்பதே ஆகும் என்பது நம் வாதம்.

முன்மாதிரியைத் தேடி வெகுதொலைவு போக வேண்டாம். கேரள அரசு 2017இல் தொடங்கிய ‘ஹ்ருத்யம்’ திட்டத்தில், பிறவி இதயக் கோளாறு கண்டறியப்பட்ட குழந்தை இணையப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. அவசரத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்தப்பட்டு மருத்துவமனை ஒதுக்கப்படுகிறது. பதிவேடு இருந்தால் யார் விடுபட்டார்கள் என்பது தெரியும். தாய் நினைவில் வைத்திருக்கவில்லை என்றாலும் அமைப்பு நினைவில் வைத்திருக்கும். தமிழ்நாட்டுக்கு அப்படியொரு பதிவேடு வேண்டும். அதில் சாதிவாரி விவரமும் வேண்டும். மண்டலத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியிலேனும் வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் இதய எம்ஆர்ஐக்கென ஒதுக்கப்பட வேண்டும். படங்களை அனுப்பித் தொலைவிலிருக்கும் நிபுணரிடம் அறிக்கை பெற இன்று தொழில்நுட்பம் தடையாக இல்லை. உடன் வரும் ஒருவருக்குப் பயணப்படியும் கூலி இழப்பீடும் தர வேண்டும். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காட்டுக்கும் சற்று மேல் இருக்கும் தமிழ்நாட்டில், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவதைச் சட்டக் கடமையாக்கிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியது. பொதுத் திட்டங்களின் செலவை ஏட்டில் பங்கு பிரித்துக் காட்டிவிட்டுக் கணக்கை முடிக்கும் பழைய வழக்கத்துக்கு மாறாக, குறிப்பிட்ட குழந்தையைச் சென்றடையும் செலவு எது என்று கேட்க இச்சட்டம் இடம் தருகிறது.

கல்லூரி மாணவர்கள் இதில் செய்யக்கூடிய முதல் வேலைக்கு வழக்கறிஞர் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின் கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் 18 வயதுக்குட்பட்ட எத்தனை பேருக்கு இதய எம்ஆர்ஐ பரிந்துரைக்கப்பட்டது, எத்தனை பேருக்கு எடுக்கப்பட்டது, பரிந்துரைத்த நாளுக்கும் எடுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், கருவி எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது எனக் கேளுங்கள். நோயாளிகளின் பெயரைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் 30 நாள் அவகாசம் உண்டு. ‘விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் மனுவுக்கு அது முதல் ஆவணமாக இணைக்கப்படும்.